கம்ப்ளைன்ட் 'க்ளோஸ்டு'ன்னு யார் சொல்லணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை ரொம்ப வருஷமா படிக்கிறேன், ஆனா லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவை. முறையா எழுத வராது, நீளமா போச்சுன்னா நீங்களே வெட்டிக்கோங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல டைப் பண்ணிட்டிருக்கேன், ஏன்னா பாத்ரூம்ல வெச்ச பக்கெட் நிறைஞ்சுதான்னு அப்பப்போ போய் பாக்கணும், நிறைஞ்சு வழிஞ்சா ஹால் வரைக்கும் தண்ணி வந்துடும்.

நான் ஒரு அபார்ட்மெண்ட்ல வாடகைக்கு இருக்கேன். ஏழு மாசம் முன்னாடி பாத்ரூம் சீலிங்ல உள்ளங்கை அளவுக்கு ஒரு ஈரம் தெரிஞ்சுது. முதல்ல நானும் கண்டுக்கல, மூணு வாரம் சும்மா விட்டுட்டேன், அது என் தப்பு தான், ஒத்துக்கிறேன். அப்புறம் மெயின்டனன்ஸ் ஆப்ல கம்ப்ளைன்ட் போட்டேன். ஒம்பது நாள் கழிச்சு ஒரு பையன் வந்தான், அண்ணாந்து பாத்தான், போன்ல ஒரு போட்டோ எடுத்தான், "சொல்லிடறேன் சார்"னுட்டு போயிட்டான். சாயங்காலம் ஆப்ல பாத்தா ஸ்டேட்டஸ் 'க்ளோஸ்டு'.

ஒழுகல் நிக்கல, கம்ப்ளைன்ட் மட்டும் நின்னு போச்சு.

மறுபடி போட்டேன். இந்த தடவை பெயிண்டர் வந்தார். ஈரம் காயாம அது மேலேயே வெள்ளை அடிச்சுட்டு போனார். நான் சொன்னேன், அண்ணே உள்ள தண்ணி இருக்கே இது நிக்குமான்னு. அவர் சிரிச்சுட்டு, "எனக்கு கொடுத்த சீட்டுல பெயிண்ட்னு தான் போட்டிருக்கு சார்"னார். அவரை குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு சொன்ன வேலையை அவர் செஞ்சார். அன்னைக்கும் க்ளோஸ்டு. ரெண்டு வாரத்துல பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா கிளம்பி, அதுக்குள்ள தண்ணி கோத்துகிட்டு, ஓரமெல்லாம் வெள்ளையா உப்பு பூத்துடுச்சு. சிமெண்ட்ல இருக்கிற உப்பை தண்ணி கரைச்சு வெளிய கொண்டு வந்து, தண்ணி ஆவியானதும் உப்பு மட்டும் பொடியா நிக்குது, அதான் அது. அந்த பொடி வந்தாலே உள்ள தண்ணி ஓடியிருக்குன்னு அர்த்தம், அது மேல எந்த கம்பெனி பெயிண்ட் அடிச்சாலும் பிடிக்காது.

அதுக்கப்புறம் தான் நான் ஒரு வேலை பண்ணேன். ஏணி போட்டு ஏறி, ஈரம் இருக்கிற இடத்தை சுத்தி பென்சில்ல கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதினேன். பத்து நாளைக்கு ஒரு தடவை திரும்ப போட்டேன். இப்போ என் பாத்ரூம் சீலிங் மேப் புக்குல மலைக்கு போடுற கோடு மாதிரி இருக்கு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா. ஈரம் லைட் இருக்கிற பக்கமா நகர்ந்துட்டு வருதுன்னு அதை வெச்சு தான் கண்டுபிடிச்சேன். இன்னொண்ணும் கவனிச்சேன், சொட்டுறது நாள் பூரா ஒரே மாதிரி இல்ல. காலையில மேல் வீட்ல குளிச்சு முடிச்சு ஒரு அரை மணி நேரத்துல வேகமா சொட்டும், மத்தியானம் குறையும், ராத்திரி அவங்க துணி துவைச்சா மறுபடி ஆரம்பிக்கும். அவங்க ஊருக்கு போயிருந்த நாலு நாள் மெல்ல மெல்ல குறைஞ்சு நின்னே போச்சு.

இது ஒண்ணும் பெரிய விஞ்ஞானம் இல்லைங்க. தண்ணி வர்ற பைப்புல எப்பவும் பிரஷர் இருக்கும், அதுல ஓட்டைன்னா ராப்பகலா நிக்காம ஒழுகும். ஆள் குளிச்சா மட்டும் ஒழுகுதுன்னா தண்ணி போற பக்கத்துல தான் கோளாறு, தரையில இருக்கிற ட்ரெயின் சுத்தியோ, டைல்ஸ் இடுக்குலயோ, அதுக்கு அடியில தண்ணி இறங்காம இருக்க போடுற வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுலயோ. உறுதி பண்ண ஒரு சாதாரண டெஸ்ட் இருக்கு, ட்ரெயினை அடைச்சு பாத்ரூம் தரையில ரெண்டு இன்ச் தண்ணி கட்டி ஒரு நாள் விட்டு கீழ பாக்கணும். கீழ ஈரம் கூடுச்சுன்னா தரை, கூடலைன்னா தண்ணி வெளிய போற பைப். ஒரு நாள் வேலை, செலவுன்னு பாத்தா ஒரு மூடி. இதை மேனேஜர் கிட்ட நாலு தடவை சொன்னேன், மெயில்லயும் எழுதினேன், பென்சில் கோடு போட்டோவும் அனுப்பினேன். இன்னைக்கு வரைக்கும் அந்த டெஸ்ட் நடக்கல.

ஏன் நடக்கலைன்னு புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. சோம்பேறித்தனம்னு தான் முதல்ல நினைச்சேன், அது இல்ல. காரணம் என்னன்னு தெரிஞ்சா காசு யார் குடுக்கணும்னும் தெரிஞ்சுடும். மேல் வீட்டு தரைன்னா அந்த வீட்டு ஓனர் தலையில விழும், டக்ட்ல, அதாவது எல்லா வீட்டு பைப்பும் இறங்குற சந்துல, போற பொது பைப்புன்னா அசோசியேஷன் தலையில விழும். தெரியாத வரைக்கும் யாருக்கும் செலவு இல்ல. பெயிண்ட் அடிக்கிறது சீப், அதனால பெயிண்ட் அடிச்சுட்டே இருக்காங்க. இந்த ஏழு மாசத்துல மூணு தடவை அடிச்சாச்சு. என் ஓனர் கிட்ட சொன்னா "அசோசியேஷன் பாத்துக்கும், மெயின்டனன்ஸ் கட்டுறோம்ல"ன்றார் (கட்டுறது நான்). அசோசியேஷன்ல போய் கேட்டா "நீங்க டெனன்ட், ஓனரை மெயில் போடச் சொல்லுங்க"ன்றாங்க. மெயின்டனன்ஸ் கம்பெனி மேனேஜர் கிட்ட கேட்டா "கமிட்டி அப்ரூவல் வரணும் சார்". மாசாமாசம் பணம் கட்டுறவனுக்கு கமிட்டியில ஓட்டு கிடையாது, மீட்டிங்ல போய் உக்காரவும் விடமாட்டாங்க. ஓட்டு இருக்கிறவர் அந்த வீட்ல குளிக்கிறது இல்ல.

போன மாசம் பொறுக்க முடியாம மேல் வீட்டுக்கே போயிட்டேன், கொஞ்சம் கோவமா தான் போனேன். கதவைத் திறந்த அக்கா நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "கீழ ஒழுகுதா தம்பி?"ன்னு கேட்டாங்க. அவங்களும் வாடகைக்கு தான் இருக்காங்க. பாத்ரூம்ல கூட்டிட்டு போய் காமிச்சாங்க, ட்ரெயின் ஜாலியை சுத்தி இருக்கிற டைல்ஸ் நாலும் ஆடுது, விரலால தட்டினா டொக்கு டொக்குன்னு வெத்து சத்தம், இடுக்குல அடைச்ச சிமெண்ட் எல்லாம் போயிருக்கு, குளிச்ச தண்ணி பாதி ஜாலிக்குள்ள போகுது, மீதி நேரா தரைக்குள்ள இறங்குது. அவங்க போன வருஷமே கம்ப்ளைன்ட் போட்டிருக்காங்க. ஆப்பை திறந்து காமிச்சாங்க. ஒரு பையன் வந்திருக்கான், போட்டோ எடுத்திருக்கான், மேலாக்க கொஞ்சம் வொயிட் சிமெண்ட் பூசியிருக்கான், க்ளோஸ்டு.

அதாவது என் வீட்டு ஒழுகலே அவங்க வீட்டு க்ளோஸ் ஆன கம்ப்ளைன்ட் தான். அவங்களுக்கு மூடினதை எனக்கு திறந்து விட்டிருக்காங்க.

கோவமா போனவன் டீ குடிச்சுட்டு வந்தேன்.

சார், இதை எழுத வைச்சதே அடுத்து நடந்த விஷயம் தான். பாத்ரூம் லைட் போட்டா வீடு பூரா கரண்ட் போக ஆரம்பிச்சுது. மெயின் போர்டுல ஆர்.சி.சி.பி.ன்னு ஒண்ணு இருக்கும், டெஸ்ட்னு ஒரு சின்ன பட்டன் வெச்சிருக்கும். போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு அது பாத்துட்டே இருக்கும், வீடுகள்ல வழக்கமா போடுறது 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவு கரண்ட் வேற வழியா கசிஞ்சாலே டப்புன்னு விழுந்துடும். வேற வழின்னா ஈரமான சுவரா இருக்கலாம், இல்ல நம்ம உடம்பாவும் இருக்கலாம். ஆக அது விழுந்துச்சுன்னா அது ஒழுங்கா வேலை செய்யுதுன்னு தான் அர்த்தம், லைட் ஹோல்டருக்குள்ள தண்ணி போயிடுச்சுன்னு சொல்லுது. எலக்ட்ரீஷியன் வந்தார், பாத்தார், என்ன சொன்னார் தெரியுமா? "அடிக்கடி ட்ரிப் ஆகி தொல்லை பண்ணுது சார், இதை பைபாஸ் பண்ணி விட்டுடவா?"

அதாவது கரண்ட் கசிஞ்சாலும் விழாத மாதிரி அதை விட்டுட்டு நேரா கனெக்ஷன் குடுக்கறது. எனக்கு ஒரு நிமிஷம் கை கால் ஓடல. வீட்ல அம்மா இருக்காங்க, 74 வயசு, விடியக்காலையில ஈரக் கையோட அந்த ஸ்விட்சை தான் போடுவாங்க. வேண்டாம்னு சொல்லி, பாத்ரூம் லைட் வயரை மட்டும் போர்டுல கழட்டி விடச் சொல்லி அவரை அனுப்பிட்டேன், இப்போ எமர்ஜென்சி லைட் வெச்சு குளிக்கிறோம். அந்த கம்ப்ளைன்ட்டும் அன்னைக்கே க்ளோஸ்டு, ரிமார்க்ஸ்ல என்ன போட்டிருக்காங்கன்னா 'ட்ரிப்பிங் ப்ராப்ளம் சால்வ்டு'. உண்மை தான், லைட்டே இல்லைன்னா எங்க ட்ரிப் ஆகும்.

அம்மாவுக்கு இளைப்பு உண்டு. சீலிங் மூலையில கருப்பா பூஞ்சை பிடிச்சதுலேருந்து ராத்திரி இருமல் ஜாஸ்தியா இருக்கு. பூஞ்சையால தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், நான் டாக்டர் இல்ல. ஆனா வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் மூச்சு சம்பந்தமான தொந்தரவு, ஆஸ்துமா இதுக்கெல்லாம் தொடர்பு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் 2009-லயே தனியா ஒரு வழிகாட்டி போட்டிருக்கு. நனைஞ்ச இடத்தை 24-லேருந்து 48 மணி நேரத்துக்குள்ள காய வெச்சுட்டா பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. எனக்கு முதல் ஆள் வந்ததே ஒம்பதாவது நாள். நான் வேற புத்தியில்லாம காஞ்ச பிரஷ்ஷால அதை தேய்ச்சு தூள் கிளப்பி விட்டேன், அப்படி பண்ணவே கூடாதாம், நனைச்சு தான் துடைக்கணுமாம், தண்ணி நிக்காம துடைச்சாலும் திரும்ப வரும்னு அப்புறம் தான் தெரிஞ்சுகிட்டேன்.

இங்கிலாந்துல அவாப் இஷாக்னு ஒரு குழந்தை, ரெண்டு வயசு, 2020 டிசம்பர்ல இறந்துச்சு. வீட்டு பூஞ்சையில ரொம்ப நாள் இருந்ததால வந்த மூச்சுக் கோளாறு தான் காரணம்னு 2022-ல விசாரணையில சொன்னாங்க. அந்த அப்பா 2017-லயே பூஞ்சைன்னு கம்ப்ளைன்ட் பண்ணியிருக்கார். அவருக்கு என்ன பதில் கிடைச்சுது தெரியுமா, அது மேல பெயிண்ட் அடிங்கன்னு. அதை படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல, ஏன்னா எனக்கு மூணு தடவை அதே பதில் தான் வந்திருக்கு. அந்த குழந்தை பேர்ல அங்க ஒரு சட்டம் வந்து, 2025 அக்டோபர்லேருந்து சமூக வாடகை வீடுகளுக்கு, அதாவது உள்ளாட்சியும் வீட்டு வசதி அமைப்புகளும் குறைஞ்ச வாடகைக்கு விடுற வீடுகளுக்கு, நடைமுறையில இருக்கு. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி பெரிய ஆபத்துன்னா 24 மணி நேரத்துல வந்து ஆபத்து இல்லாம பண்ணணும், ஈரம் பூஞ்சையால உடம்புக்கு பெரிய ஆபத்து இருக்கும்னா பத்து வேலை நாளைக்குள்ள வந்து என்ன காரணம்னு பாத்தே ஆகணும். 'வந்தாச்சு'ன்றது கணக்கு இல்ல, காரணம் பாக்கணும்ன்றது தான் கணக்கு.

லிஃப்ட் கதையும் இருக்கு, அதை சுருக்கமா சொல்லிடறேன். பதினோரு நாள் ஓடல, அம்மா கீழ இறங்கவே இல்ல. வந்த மெக்கானிக் நல்ல மனுஷன், பக்கத்துல நின்னு பாக்க விட்டார். கதவு ஓடுற தடத்துல மண்ணும் குப்பையும் அடைச்சு கதவு ஒரு நூல் அளவு மூடாம நின்னிருக்கு, கதவு முழுசா பூட்டிடுச்சுன்னு சிக்னல் வராம லிஃப்ட் நகராது, அது நம்ம சேஃப்டிக்கு. ஒரு பழைய பிரஷ்ஷால இருபது நிமிஷத்துல சரி பண்ணிட்டார். தினமும் பெருக்குறவங்க கிட்ட அந்த தடத்தையும் ஒரு இழுப்பு இழுங்கன்னு யாராவது சொல்லியிருந்தா முடிஞ்சுது. சொல்றதுக்கு ஆள் இல்ல. மெயின்டனன்ஸ்னு மாசாமாசம் வாங்குறாங்க, ஆனா கம்ப்ளைன்ட் வந்தா தான் யாரும் எதையும் போய் பாக்குறாங்க, அதுக்கு பேரு மெயின்டனன்ஸா?

எதிர் பக்கமும் நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. மெயின்டனன்ஸ் பாக்கி வெச்சிருக்கிற ஓனர்ஸ் லிஸ்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, நீளமான லிஸ்ட். இந்த ஏழு மாசத்துல மூணு மேனேஜர் மாறிட்டாங்க, சம்பளம் அந்த அழகுல இருக்கும் போல. ஒவ்வொருத்தரும் வந்ததும் "எப்பலேருந்து சார் ஒழுகுது?"ன்னு முதல்லேருந்து கேப்பார், நானும் முதல்லேருந்து சொல்லுவேன், அவருக்கு புரிஞ்சு வேலை ஆரம்பிக்கிற நேரத்துல அவர் போயிடுவார். முந்தின ஆள் எதையும் எழுதி வெச்சுட்டு போறது இல்ல. பிளம்பருக்கு ஒரு நாளைக்கு இத்தனை கம்ப்ளைன்ட் முடிக்கணும்னு டார்கெட். ஒழுகல் எங்கேருந்து வருதுன்னு தேடிட்டு உக்காந்தா அவருக்கு அன்னைக்கு கணக்கு குறையும். அதனால அவர் தேட மாட்டார். நான் அவர் இடத்துல இருந்தாலும் அதையே தான் பண்ணுவேன்.

நான் முன்னாடி இருந்தது பழைய பில்டிங், ஆப் கீப் ஒண்ணும் கிடையாது. வாட்ச்மேன் அண்ணன் டேபிள்ல ஒரு நீளமான நோட்டு, நூல்ல பேனா கட்டி தொங்கும். வீட்டு நம்பர், என்ன கோளாறு, என்னைக்கு எழுதினது, யார் வந்தா, கடைசியா ஒரு கட்டம், அதுல கம்ப்ளைன்ட் எழுதினவங்களே கையெழுத்து போடணும். கையெழுத்து விழுந்தா தான் பிளம்பருக்கு காசு. எங்க வீட்ல குழாய் ஒழுகினப்போ அவர் ரெண்டு தடவை வந்தார், ரெண்டாவது தடவை வாஷரை மாத்திட்டு பத்து நிமிஷம் உக்காந்து சொட்டுதா சொட்டுதான்னு அவரே பாத்துட்டு அப்புறம் தான் நோட்டை நீட்டினார். ஆப் வந்தப்போ அந்த நோட்டுல இருந்த எல்லா கட்டத்தையும் அதுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, அந்த கடைசி கட்டத்தை மட்டும் விட்டுட்டாங்க. க்ளோஸ் பட்டன் வேலை செய்யுறவங்க கைக்கு போயிடுச்சு. பரீட்சை எழுதின பையனே பேப்பர் திருத்தி மார்க் போட்டுக்கிற மாதிரி.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல சார். வாடகையை குறைங்கன்னு கேக்கல, பாத்ரூமை பளிங்குல கட்டிக் குடுங்கன்னு கேக்கல. கம்ப்ளைன்ட் போட்டவங்க 'ஆமா, சரியாயிடுச்சு'ன்னு சொன்னா தான் அது மூடணும், அந்த பட்டன் எங்க கையில இருக்கணும். உங்க பேப்பரை படிக்கிற அசோசியேஷன் செக்ரட்டரிங்க நிறைய பேர் இருப்பாங்க, அவங்க ஆப் கம்பெனி கிட்ட ஒரு வார்த்தை கேட்டா செய்யக்கூடிய வேலை தான் இது. க்ளோஸ் பண்ணாம நிறைய கம்ப்ளைன்ட் தேங்கி நிக்குமேன்னு பயப்படுவாங்க. நிக்கட்டும்ங்க, நிஜத்துல அப்படித்தானே நிக்குது. அந்த லிஸ்டை கமிட்டி மீட்டிங்ல படிச்சா ஒரே டக்ட்டை சுத்தி மூணு வீட்ல ஈரம்னு கண்ணுல படும், மேல ஒண்ணும் கீழ ஒண்ணுமா தனித்தனியா க்ளோஸ் பண்ணா எந்த காலத்துலயும் படாது. அப்படியே வாடகைக்கு இருக்கிறவங்க சார்பா ஒரே ஒரு ஆளை மீட்டிங்ல உக்கார விடுங்க, ஓட்டு வேண்டாம், பேசினா காது குடுத்து கேட்டா போதும்.

ஓனர்ஸுக்கும் ஒரு வார்த்தை. இது வாடகைக்காரன் தொல்லைன்னு நினைக்காதீங்க. போன வியாழக்கிழமை ராத்திரி சீலிங் பூச்சு ஒரு தட்டு அளவுக்கு பேந்து விழுந்துச்சு, நல்லவேளை உள்ள யாரும் இல்ல. விழுந்த இடத்துல கம்பி தெரியுது, செவ்வந்தி கலர்ல துரு. கம்பி துரு பிடிச்சா ஊதும், துருவுக்கு இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் வேணும், அது தள்ளுற தள்ளுல தான் காங்க்ரீட் விரியுது, விரிஞ்ச இடத்துல இன்னும் தண்ணி போகும், இன்னும் துரு பிடிக்கும். நான் இன்னைக்கோ நாளைக்கோ காலி பண்ணிட்டு போயிடுவேன், அந்த ஸ்லாப் உங்களோடது. நாலு டைல்ஸை பேத்து ட்ரெயினை சுத்தி வாட்டர்ப்ரூஃபிங் பண்ணியிருந்தா போன வருஷமே முடிஞ்சிருக்க வேண்டிய வேலை இது.

அந்த பூச்சு விழுந்ததுக்கும் கம்ப்ளைன்ட் போட்டேன். வெள்ளிக்கிழமை ஆள் வந்தார். கீழ கிடந்த துண்டெல்லாம் கூட்டி அள்ளி சாக்குல கட்டி எடுத்துட்டு போனார். என்ன ஸ்டேட்டஸ்னு உங்களுக்கே தெரியும்.

இந்த லெட்டரை போட்டீங்கன்னா என் பேர் வேண்டாம் சார், அக்ரிமெண்ட் புதுப்பிக்க இன்னும் ரெண்டு மாசம் தான் இருக்கு. எங்க அசோசியேஷன் ஆபீஸ்ல உங்க பேப்பர் தான் வாங்குறாங்க, டேபிள்ல மடிச்சு கிடக்கும், நான் பாத்திருக்கேன். அதனால ஒரே ஒரு ரிக்வெஸ்ட், ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டுடாதீங்க, அன்னைக்கு ஆபீஸ் லீவு.

இப்படிக்கு,
ஒரு வாடகைக்காரன்